சொட்டு காதுக்குள் போகிறதா, கன்னத்தில் வழிகிறதா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து தோட்டத்துக் கிணற்றிலேயேதான் கிடந்தான். இரண்டு வாரத்துக்கு முன் வலது காதில் அரிப்பு ஆரம்பித்தது. பிறகு வலி, சோற்றை மெல்லக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி விட்டோம், கேட்கவில்லை. மெடிக்கலில் சொல்லி ஒரு சொட்டு மருந்தும் மாத்திரையும் வாங்கினோம், அதற்கும் கேட்கவில்லை. காது டாக்டரிடம் போனதும் சிப்ரோஃப்ளாக்சசினும் டெக்சாமெத்தசோனும் சேர்ந்த சொட்டு மருந்து எழுதினார்: 4 சொட்டு, மூன்று வேளை, 7 நாள். காது நிறையும்வரை விட்டோம், 5 மி.லி. பாட்டில் மூன்றே நாளில் காலி. வலி பாதிதான் குறைந்திருக்கிறது. மருந்துக்கு மட்டும் நானூறு ரூபாய்க்கு மேல் போய்விட்டது. இன்னொரு பாட்டில் வாங்கத்தான் வேண்டுமா? மாசி மாதம் என் கண்ணுக்கு வாங்கிய சொட்டு மருந்தும் சிப்ரோஃப்ளாக்சசின்தான், பாதி மிச்சம் இருக்கிறது. அதை விடலாமா? என் மாமியாருக்கும் பத்து நாளாக இடது காதில் வலி, ராத்திரி தூக்கமில்லை என்கிறார். சுகர் உண்டு. அவருக்கும் இதே மருந்தை விடலாமா?
— ஒரு வாசகி, உசிலம்பட்டி அருகே

பதில்:

அம்மா, கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாமியாருக்கு வீட்டில் இருக்கும் எந்தச் சொட்டையும் விட வேண்டாம். நாளைக் காலையிலேயே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மகனுடைய காதுவலியும் அவருடைய காதுவலியும் பேருக்குத்தான் ஒன்று.

சர்க்கரை நோய் உள்ள வயதானவர்களுக்கு வெளிக்காதில் வரும் புண் சில சமயம் தோலோடு நிற்பதில்லை. சூடோமோனாஸ் என்ற கிருமி தோலைத் தாண்டி, மண்டையோட்டின் அடிப்பக்க எலும்புக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்குகிறபோது காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று இல்லை. வெளியே பார்த்தால் லேசாகச் சீழ், அவ்வளவுதான் தெரியும். ஆனால் வலி மட்டும் பார்க்கிற புண்ணுக்குப் பொருந்தாத வலியாக இருக்கும், ராத்திரியில் இன்னும் ஏறும். நீங்கள் எழுதியிருக்கும் “ராத்திரி தூக்கமில்லை” என்ற வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. அது அந்த நோயாகவே இருக்கும் என்று சொல்லவில்லை. பார்க்காமல் விடக்கூடாத அறிகுறி என்கிறேன். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கண் முழுதாக மூடவில்லை என்றாலோ, நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நோய் முகத்து நரம்பு வரை போயிருக்கலாம். இந்த நோய்க்குச் சொட்டு மருந்து போதாது. ஸ்கேன் எடுத்து, ஆறு வாரம் அல்லது அதற்கு மேலும் ஊசியோ மாத்திரையோ கொடுத்து, சுகரையும் கட்டுக்குள் வைக்க வேண்டியிருக்கும். நம் மதுரைப் பெரியாஸ்பத்திரியில், அதாவது ராஜாஜி அரசு மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, காலை ஓ.பி.யில் சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். சுகர் மாத்திரைச் சீட்டையும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். பஞ்சு, தண்ணீர், எண்ணெய் எதையும் அதற்குள் காதில் விட்டுப் பார்க்க வேண்டாம்.

இனி மகன் விஷயம்.

டாக்டர் எழுதிய மருந்தில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. கணக்கில்தான் இடிக்கிறது. ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. அப்படியானால் 5 மி.லி. பாட்டிலில் 100 சொட்டு. ஒரு வேளைக்கு 4, நாளைக்கு மூன்று வேளை, 7 நாள் என்றால் 84 சொட்டு. ஒரு காதுக்கு ஒரு பாட்டில் போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும் என்று கணக்குப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். காது நிறைய விடும்போது வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு சொட்டு போகிறது. மூன்று நாளில் தீராமல் என்ன செய்யும்? நிறைய விட்டதால் சீக்கிரம் குணமாகிவிடவும் இல்லை. மருந்து வேலை செய்வது காதுக் குழாயின் தோலில் மெல்லிய படலமாகப் படிந்து நிற்கும்போது. மேலே குளமாக நிற்பது எழுந்ததும் கன்னத்தில் வழிந்து துண்டில் போய்ச் சேரும்.

சரி, தோலில் படிந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. காதுக் குழாய் நேர்க்குழாய் இல்லை, லேசாக வளைந்தது. பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். உள்பக்கம் எலும்பின்மேல் ஒட்டிய மெல்லிய தோல், நடுவில் சதைப்பிடிப்பே கிடையாது. அதனால்தான் சின்ன வீக்கத்துக்கும் உயிர் போகிற வலி. கிணற்றில் மணிக்கணக்கில் ஊறும்போது காதுக் குறும்பி கரைந்து போகிறது. அந்தக் குறும்பியை அழுக்கு என்று நினைக்கிறோம். அது தண்ணீரை ஒட்டவிடாத, லேசான புளிப்புத்தன்மை கொண்ட காவல். காவல் போனதும் தோல் ஊறிய விரல் நுனி மாதிரி வெளுத்துச் சுருங்கும், அரிக்கும். அரிப்புக்கு ஊக்கு, பைக் சாவி, கோழி இறகு என்று கையில் கிடைத்ததை விட்டுக் குடைந்தால் கீறல் விழும். கிருமி நுழைய அது போதும்.

வீக்கம் அதிகமாகிக் குழாய் ஒட்டிப்போனால், எவ்வளவு உயர்ந்த மருந்தாக இருந்தாலும் உள்ளே இறங்காது. இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பையனை ஒருக்களித்துப் படுக்கவைத்து 4 சொட்டு விட்டு, டார்ச் அடித்து ஒரு நிமிடம் பாருங்கள். மருந்தின் மட்டம் மெல்ல இறங்கினால் வழி திறந்திருக்கிறது. காதின் வாயிலேயே கண்ணாடி மாதிரி நின்று, தலையை அசைத்ததும் அப்படியே வெளியே வழிந்தால் அடைத்திருக்கிறது. அடைத்திருந்தால் அடுத்த பாட்டிலுக்குக் காசு கொடுப்பதற்கு முன் மருத்துவர் ‘திரி’ வைக்க வேண்டும். பஞ்சுபோன்ற பொருளில் செய்த மெல்லிய திரியையோ, மருந்தில் தோய்த்த நாடாத் துணியையோ குழாய்க்குள் நுழைத்து விடுவார். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது மாதிரி அது சொட்டு மருந்தை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஒன்றிரண்டு நாளில் மாற்றுவார், இல்லை எடுத்துவிடுவார். அதற்குள் வீக்கம் வற்றி அதுவே நழுவி விழுந்தால் பதற வேண்டாம், நல்ல அறிகுறிதான். வீட்டில் நீங்களே திரி திரித்து உள்ளே தள்ளக்கூடாது.

இன்னொரு தடை, நீங்கள் விட்ட நல்லெண்ணெய். சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு தண்ணீரில் கரைத்த மருந்து. எண்ணெய்ப் பிசுக்கின்மேல் அது தாமரை இலைத் தண்ணீர்தான். சீழும் உதிர்ந்த தோலும் குழாயில் அடைந்து கிடந்தாலும் இதே கதை. அதனால் மருத்துவர் உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்து விடுவது பல சமயம் மருந்தைவிடப் பெரிய வைத்தியம். முதல் தடவை போனபோது சுத்தம் செய்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் இந்தத் தடவை கேளுங்கள். காய்ச்சிய எண்ணெயோ பூண்டுச் சாறோ காதுத் தோலைச் சுட்டுவிடுவதும் உண்டு. அந்தப் பழக்கத்தை இத்தோடு விட்டுவிடுங்கள்.

சொட்டு விடும் முறை. தனக்குத்தானே விட்டுக்கொள்வது சரிப்படாது, இன்னொரு ஆள் விட வேண்டும். கையைக் கழுவிக்கொண்டு, பாட்டிலை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் மூடிப் பிடித்திருங்கள். குளிர்ந்த மருந்து விழுந்தால் தலை கிறுகிறுக்கும், குமட்டும்; சில பேர் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதற்காக வெந்நீரில் போட்டோ அடுப்போரம் வைத்தோ சூடாக்க வேண்டாம். காதின் வாயில் இருக்கும் சீழை மட்டும் சுத்தமான பருத்தித் துணி நுனியை முறுக்கி ஒற்றி எடுங்கள். பட்ஸ் வேண்டாம், அது அழுக்கை உள்ளே தள்ளத்தான் உதவும்.

வலிக்கும் காது மேலே இருக்கும்படி படுக்கவைத்து, காது மடலை மேலும் பின்னுமாக மெதுவாக இழுத்தால் வளைவு நேராகும். மூன்று வயதுக்குள் உள்ள குழந்தை என்றால் கீழும் பின்னுமாக இழுக்க வேண்டும். இப்போது கவனியுங்கள்: சொட்டைத் துளையின் நடுவில் பொத்தென்று போடாதீர்கள். நடுவில் விழுந்தால் கீழே காற்று மாட்டிக்கொண்டு மருந்தை மேலேயே நிறுத்திவிடும், குறுகிய வாயுள்ள பாட்டிலில் புனல் வைத்து எண்ணெய் ஊற்றும்போது பக்கென்று நிற்குமே, அது மாதிரி. பக்கச் சுவரில் ஒவ்வொரு சொட்டாக வழியவிட்டால் காற்று வெளியேறும், மருந்து இறங்கும். பாட்டில் நுனி காதில் படக்கூடாது. பட்டால் சீழ்க்கிருமி பாட்டிலுக்குள் குடியேறும்.

பிறகு காதுத் துளைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் குருத்தெலும்பை விரலால் ஐந்தாறு தடவை அழுத்தி அழுத்தி விடுங்கள். பம்பு அடிப்பது மாதிரி மருந்தை உள்ளே தள்ளும். வலிக்கும், ஆனாலும் மெதுவாகச் செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருக்கட்டும். எழுந்ததும் வெளியே வழிவதைத் துடைத்தால் போதும். பஞ்சு அடைத்தால் அது மருந்தைக் குடித்துவிடும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது பஞ்சுக்கு இல்லை.

விடும்போது தொண்டையில் கசப்பு இறங்குவதாகப் பையன் சொன்னால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம். கிணற்றில் மேலேயிருந்து குதிக்கும் பிள்ளைகளுக்கு, காது தண்ணீரில் அறைபட்டு ஜவ்வு கிழிவது நடக்கக்கூடியதுதான். குதித்த கணமே சுருக்கென்ற வலி, இரைச்சல், ஒரு துளி ரத்தம் என்று ஏதாவது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். அடி விழும் என்று பயந்து சொல்லாமல் இருந்திருப்பான். ஓட்டை இருந்தாலும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை மருந்தை மருத்துவர் தைரியமாகக் கொடுப்பார். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டுகள் அப்படி இல்லை. உட்காதுக்குப் போனால் கேட்கும் திறனையே பாதிக்கலாம். நியோமைசினுக்கு வேறொரு குணமும் உண்டு: சில பேருக்குத் தோல் அலர்ஜி. விடவிட அரிப்பு கூடும், மடல் முழுக்கச் சிவந்து நீர் வடியும். நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னும் அதிகமாக விடுவார்கள்.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். முதலில் மெடிக்கலில் வாங்கியது எந்த மருந்து என்று எழுதவில்லை. அட்டையை எடுத்துப் பாருங்கள். குளோராம்ஃபெனிகால், குளோட்ரிமசோல், பெக்லோமெத்தசோன், லிக்னோகெயின் என்று நாலு பெயர் இருக்கலாம். கிருமி, பூஞ்சை, வீக்கம், வலி என்று நாலுக்கும் ஒரே பாட்டில். எது பட்டாலும் படட்டும் என்று விடுகிற கல் அது. மரத்துப்போகும் மருந்து இருப்பதால் முதல் நாள் சுகமாகத் தெரியும். கேட்டுவிட்டது என்று நினைப்போம். கூட வாங்கிய மாத்திரை இன்னும் வீண். வெறும் வெளிக்காதுப் புண்ணுக்கு, சுகர் இல்லாத, காய்ச்சல் இல்லாத பையனுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை தேவைப்படுவதில்லை. இந்த நோயில் அதிகம் காணப்படும் சூடோமோனாஸ், அமாக்சிசிலினுக்கோ அசித்ரோமைசினுக்கோ அசையாது. 0.3 சதவீதச் சொட்டு என்றால் 1 மி.லி.யில் 3 மில்லிகிராம் மருந்து. புண்ணின்மேலேயே அது நிற்கும். மாத்திரை விழுங்கி அந்தச் செறிவைக் காதுத் தோலுக்குக் கொண்டுபோக முடியாது. வலிக்கு மட்டும் பாரசிட்டமால் கொடுங்கள். 40 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு 4க்கு மேல் வேண்டாம்.

உங்கள் கண் மருந்து விஷயம். சிப்ரோஃப்ளாக்சசின் 0.3 சதவீதக் கண் சொட்டைக் காதில் விடலாம், தவறில்லை. பல பாட்டில்களில் ‘கண் / காது’ என்றே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் மாசியில் திறந்தது இப்போது ஆகாது. திறந்து ஒரு மாதம் ஆனால் எந்தச் சொட்டு மருந்தானாலும் குப்பைக்குத்தான், காலாவதி தேதி அடுத்த வருடம் என்று போட்டிருந்தாலும் சரி. அந்தத் தேதி சீல் உடைக்காத பாட்டிலுக்கு. போதாக்குறைக்கு அது ஒரு நோய்க் கண்ணுக்குப் பக்கத்தில் போய்வந்த நுனி. கண் மருந்து காதுக்குப் போகலாம் என்பதைத் தலைகீழாக்கிவிடாதீர்கள்: காது மருந்து கண்ணுக்குப் போகவே கூடாது.

ஆக, இன்னொரு பாட்டில் வேண்டும். ஏழு நாள் ஓட வேண்டிய மருந்து மூன்று நாளில் நின்றால் அடங்கிய கிருமி மறுபடி கிளம்பும். மீதி நாலு நாளுக்கு 48 சொட்டு, இரண்டரை மி.லி. போதும். அதனால் 10 மி.லி. பாட்டில் மி.லி. கணக்கில் மலிவாகத் தெரிந்தாலும் வாங்காதீர்கள்; மிச்சத்தை ஒரு மாதத்தில் கொட்டத்தான் போகிறீர்கள். டாக்டரிடம் மறுபடி காட்டப் போகும்போது, “இதே மருந்தை மூலப்பெயரில் எழுதிக்கொடுங்க சார், வீக்கம் குறைஞ்சிருந்தா சிப்ரோஃப்ளாக்சசின் மட்டும் போதுமா?” என்று கேளுங்கள். மூலப்பெயர் என்றால் கம்பெனி வைத்த பெயர் இல்லை, மருந்தின் சொந்தப் பெயர். கேட்பதில் கூச்சம் வேண்டாம். டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு, வீக்கத்தையும் வலியையும் சீக்கிரம் குறைக்கத்தான் சேர்க்கிறார்கள். வழி திறந்துவிட்டால் சில பேருக்கு அது இல்லாமலும் முடித்துவிடலாம். அதை அவர் காதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தனிச் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டும் தனிக் குளோட்ரிமசோல் சொட்டும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. அவற்றுக்கு அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. நாலு மருந்துக் கலவைக்கு அந்தக் கடிவாளம் இல்லை.

மூலப்பெயர்ச் சீட்டு கையில் இருந்தால் மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேட்கலாம். பஸ் ஏறுவதற்கு முன் போனில் மூன்று விஷயம் கேளுங்கள்: மருந்தின் பெயர், சதவீதம், பாட்டில் அளவு. ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க நாற்பது ரூபாய் பஸ்சுக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் உசிலம்பட்டி அரசு மருத்துவமனையிலும் மருந்து இலவசம். அன்றைக்கு அந்தச் சொட்டு கையிருப்பில் இருந்தால் ஒரு காசு செலவில்லை. மாமியாரை அழைத்துப் போகிற அன்றே பையனையும் கூட்டிப்போய்விட்டால் ஒரே நடையாகப் போகும்.

சரியாக விட்டால் இரண்டு மூன்று நாளில் வலி நன்றாகத் தணிய வேண்டும். தணியவில்லை என்றால் பாட்டிலை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள், காதைத் திரும்பக் காட்டுங்கள். வலி குறைந்து அரிப்பு மட்டும் கூடினால் பூஞ்சையாக இருக்கலாம். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது சாதாரணம். ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு சொட்டுகளை நாள்கணக்கில் விட்டாலும் வரும். மருத்துவர் பார்த்தால் நனைந்த காகிதம் மாதிரி வெள்ளைப் படலம், அதன்மேல் ஊறுகாய் ஜாடியில் பூக்குமே, அந்தப் பூஞ்சணம் போலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அதற்குச் சுத்தம் செய்துவிட்டு, குளோட்ரிமசோல் 1 சதவீதச் சொட்டை இரண்டு மூன்று வாரம் விட வேண்டியிருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் அதை ஒன்றும் செய்யாது. காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிவப்பு முகத்துக்குப் பரவினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பாட்டிலை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அலமாரியின் மேல்தட்டில் வைக்காதீர்கள். பகலில் அங்கே வைத்தால் மருந்து வெந்துவிடும். வீட்டில் எந்த மூலை குளிர்ச்சியோ, மண்பானை இருக்கும் பக்கமோ, அங்கே வையுங்கள். மூடிமேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மருந்து விடும் நாள்களில் தலைக்குக் குளிக்கும்போது, வாஸ்லின் தடவிய பஞ்சு உருண்டையைக் காது வாயில் வைத்து, குளித்ததும் எடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இப்போதைக்கு இல்லை. காதுக்குள் சொருகும் ஹெட்செட்டும் வேண்டாம்.

கிணறு எப்போது என்று பையன் நச்சரிப்பான். வலியும் சீழும் முழுதாக நின்று, மருந்தும் முடிந்து, இன்னும் ஒரு வாரம் போகட்டும். அதன் பிறகு இறங்கினால் ஏறி வந்ததும் தலையை ஒரு பக்கம் சாய்த்து மடலை இழுத்துத் தண்ணீரை வடியவிட்டு, துண்டு நுனியால் வெளிக்காதைத் துடைத்து, ஃபேனுக்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்காரட்டும். காது அடைப்பான் மேலாக நீந்துவதற்குச் சரி. அதை வைத்துக்கொண்டு மேலேயிருந்து குதிக்கவோ அடியில் மூழ்கவோ விடாதீர்கள். தண்ணீர் அழுத்தத்தில் அது உள்ளே இறுகி ஜவ்வைப் பதம் பார்த்துவிடும்.